ஸ்பெயின் பிள்ளைக்குப் பரிமாறிய கோடை

என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட அரை வயிற்றோடு எழும்பியதில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன், பெருமையை ஒளித்துவைக்க எனக்கு வராது. யாழ்ப்பாணத்தில் இருந்தபோதும் சரி, மொன்றியலில் செயின்ட்-மிஷேல் பக்கம் இரண்டாம் மாடியில் குடியிருந்த அந்தச் சின்ன வீட்டிலும் சரி, ஆள் வந்தால் முதலில் சாப்பாடு, பிறகுதான் கதை. அப்படிப்பட்ட என்னைப் பற்றி ஒரு பிள்ளை, "அந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் வந்தால்தான் எனக்குப் பயம்" என்று சொல்லி அழுதது என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? தொண்ணூறுகளின் நடுவில், ஒரு யூலை மாதம் அது நடந்தது. என் மகளுக்கு அப்போது பதினாறு வயது.

மகள் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது மொழியாக ஸ்பானிஷ் படிக்கலாம். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, ரீவியில் ஆங்கிலம், இதற்கு மேலே இன்னொன்று எதற்கு என்று கேட்டேன். "நல்லா இருக்கம்மா, அதான்" என்றாள். நல்லாயிருக்கிறது என்பதற்காக ஒன்றைப் படிக்கலாம் என்பதே எனக்குப் புதினம். எங்கள் காலத்தில் சோதனைக்கு வரும் என்றால் படிப்போம், வராது என்றால் விடுவோம். இவளோ குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வாயைக் கோணி, நாக்கை உருட்டி, தனக்குத் தானே ஸ்பானிஷ் கதைத்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். குளிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று கதவைத் தட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும்.

அவளுடைய ஸ்பானிஷ் ரீச்சர் கோடை விடுமுறையில் பிள்ளைகள் சிலரை ஸ்பெயினுக்குக் கூட்டிப்போவா. காலையில் வகுப்பு, பின்னேரம் ஊர் பார்ப்பது, மிச்ச நேரமெல்லாம் அங்குள்ள ஒரு குடும்பத்தோடு அந்த வீட்டுப் பிள்ளையாக இருப்பது. ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு வைத்திருந்தா: வீட்டுக்கு வீடு. யூலையில் ஸ்பெயின் பிள்ளை எங்கள் வீட்டில் வந்து நிற்கும். ஓகஸ்டில் எங்கள் பிள்ளை அதே பிள்ளையின் வீட்டில் போய் நிற்கும். நாங்கள் ஒழுங்காக வைத்திருக்கவில்லை என்றால் அந்தப் பிள்ளையை வேறு குடும்பத்துக்கு மாற்றிவிடுவார்கள். அத்தோடு ஓகஸ்ட் பயணமும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கே போய்விடும். இதைக் கேட்டதும் நான் சிரித்தேன். ஒரு பிள்ளைக்கு மூன்று கிழமை சாப்பாடு போட்டு வைத்திருக்க எனக்குத் தெரியாதா என்ன!

லவாலில் இருந்த மச்சாளுக்கு, அதாவது என் கணவரின் அக்காவுக்கு, செய்தி போன அன்றே பாலம் தாண்டிக் காரில் வந்து இறங்கிவிட்டா.

"குமர்ப்பிள்ளையை முன்பின் தெரியாத ஆக்களின்ரை வீட்டிலை கொண்டுபோய் விடப்போறீரோ? உமக்கென்ன விசரோ?"

"பள்ளிக்கூடத்தாலை போறாள், மச்சாள். தனியப் போகேல்லை."

"அங்கை ஆர் எவர் எண்டு தெரியுமோ? பேந்து ஒண்டு நடந்தாப்பிறகு தலையிலை கை வைச்சுக்கொண்டு இருக்கப்போறீர்."

என் கணவர் அக்கா சொன்னதற்கும் தலையாட்டினார், நான் சொன்னதற்கும் தலையாட்டினார். புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றி இறக்கிவிட்டு, இரண்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வரும் மனிதர்; வந்தால் நிம்மதியாக ரீவி பார்த்தால் போதும் அவருக்கு. ஆகவே முடிவை நான்தான் எடுத்தேன். எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் நாடு விட்டு நாடு போனவர்கள் எல்லாரும் ஏதோ ஒன்றுக்குப் பயந்து ஓடிப் போனவர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். என் மகள்தான் முதன்முதலாக ஒரு நாட்டைப் பார்க்கவென்றே, அதன் பேச்சைப் பேசிப் பார்க்கவென்றே, திரும்பி வருகிற ரிக்கற்றோடு போகப்போகிறவள். அதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிமிரும். மச்சாளுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்த நான் முயலவில்லை.

யூலைத் தொடக்கத்தில் அந்தப் பிள்ளை வந்தாள். மெல்லிய உடம்பு, கட்டையாக வெட்டிய கறுத்த முடி. எங்கள் தெருவில் நடந்து போனால் எங்கள் ஆள் என்றே சொல்வார்கள். படி ஏறி வந்ததும் என் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்துக் கொஞ்சினாள். என் கணவரையும் கொஞ்ச வந்தாள். மனிதர் பின்னுக்குப் பாய்ந்து, கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டு, கைகூப்பி வணக்கம் சொன்னார். மகள் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அன்றைக்கு இடியப்பம், தேங்காய்ப்பால் விட்ட சொதி, மிளகாய்த்தூள் குறைத்துக் காய்ச்சிய கோழிக்கறி. குசினி மேசையைத் துடைத்து, பெட்டியைப் பிரித்துச் சாப்பாட்டுத் தட்டாகப் புதுக் கோப்பை ஒன்று எடுத்து, முள்ளுக்கரண்டியும் வைத்து அவளை இருத்தினேன். மகளும் ஒரு கதிரையை இழுத்தாள்.

"நானும் இவளோட இருந்து சாப்பிடுறன், அம்மா."

"வந்த பிள்ளை கை நனைக்க முந்தி உனக்கென்னடி அவசரம்? போய்த் தண்ணி வாத்துக்கொண்டு வா."

என்னை அப்படித்தான் வளர்த்தார்கள். விருந்தாள் முதலில், தனியாக, ஆறுதலாகச் சாப்பிட வேண்டும். பிறகு ஆம்பிளைகள், பிறகு பிள்ளைகள், கடைசியாகச் சமைத்தவள். நாங்களும் கூட இருந்து சாப்பிட்டால் வந்த ஆள் மற்றவர்களுக்குக் காணுமோ காணாதோ என்று யோசித்துக் கையை இழுத்துக்கொள்ளும். அதனால் பக்கத்தில் நிற்க வேண்டும். கோப்பையில் எது குறைகிறது என்று பார்க்க வேண்டும். கேட்க முன்னம் போட வேண்டும். கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற இடத்துக்குப் பெயர் கடை.

பிள்ளை கோப்பையில் ஒரு நூல் இடியப்பம் மிச்சம் விடாமல் சாப்பிட்டாள். வெறுங்கோப்பையைப் பார்த்தால் என் கை சும்மா இருக்குமா? போட்டேன். அதையும் முடித்தாள். முடித்த பிறகும் எழும்பவில்லை. இரண்டு கையையும் மேசையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். சாப்பிட்டு முடிந்த ஆள் எழும்பிக் கை கழுவப் போகும். எழும்பாமல் இருந்தால் இன்னும் பசி என்றுதானே அர்த்தம்? திரும்பவும் போட்டேன். ஒரு மாதிரித் திணறித்தான் விழுங்கினாள். அதை நான் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு நாளும் இதே கதைதான். புட்டு, தோசை, சோறு, எது வைத்தாலும் கோப்பை வெறுமையாகும், அவள் எழும்பமாட்டாள், நான் போடுவேன். அவள் அறைக்குப் போன பிறகு என் கணவர் கோப்பையோடு ரீவிக்கு முன்னால் போவார், மகள் அடுப்படியில் நின்று சாப்பிடுவாள், நான் கடைசியில் சட்டியை வழிப்பேன். மச்சாள் போன் எடுத்து, "விருந்தும் மருந்தும் மூண்டு நாள் எண்டுவினம், நீர் மூண்டு கிழமை வைச்சிருக்கிறீர்" என்று இடித்தபோதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "என்ரை கையாலை சாப்பிட்டுப் பிள்ளைக்கு இரண்டு கன்னமும் பொங்கிப்போச்சு, வந்து பாருங்கோ" என்று பதில் கொடுத்தேன்.

இரண்டாவது கிழமை முடிவில் ஸ்பெயின் பிள்ளைகள் எல்லாரையும் கியூபெக் நகரம் பார்க்க ரீச்சர் கூட்டிக்கொண்டு போனா. வெள்ளிக்கிழமை பின்னேரம் அங்கிருந்து ரீச்சரின் போன் வந்தது. மகள்தான் எடுத்தாள். முதலில் பிரெஞ்சில் "வீ, மதாம்" என்று உற்சாகமாகத் தொடங்கியவள், வரவரப் போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அம்மா, கோவிக்காதேங்கோ."

இப்படித் தொடங்கினால் எனக்கு அந்த இடத்திலேயே கோபம் வந்துவிடும்.

"என்னெண்டு முதல்ல சொல்லு."

"சாப்பாட்டு நேரம் வந்தாத்தான் பயமாக் கிடக்கெண்டு அவள் அங்கை ரீச்சரிட்டைச் சொல்லி அழுதவளாம். இஞ்சை அவள் தனியத்தான் சாப்பிடுறாளாம். ஒருத்தரும் அவளோட இருக்கிறேல்லையாம். நீங்கள் பக்கத்திலை நிண்டு கோப்பையையே பாத்துக்கொண்டு நிக்கிறியளாம். அவள் எழும்பிப் போனாப்பிறகுதான் நாங்கள் சாப்பிடுறமாம். தன்னோட ஒரு மேசையிலை இருக்க எங்களுக்கு அருவருப்போ எண்டு கேட்டவளாம்."

"அருவருப்போ!"

கையில் இருந்த அகப்பையை அடித்த அடியில் சொதி சுவரில் தெறித்தது. "கால் வீங்க வீங்க நிண்டு, பாத்துப் பாத்துப் போட்டவளுக்கு இதோ பேர்? என்ரை வீட்டிலை வந்து இருந்து, என்ரை சோத்தைத் திண்டுபோட்டு..." என்று தொடங்கி எங்கெல்லாமோ போனேன். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பார்கள்; எனக்கு ஆத்திரம் வந்தால் மூச்சும் மட்டு. மூச்சு வாங்க நான் நிறுத்திய இடத்தில் மகள் பேசினாள்.

"அம்மா, அவையின்ரை வீட்டிலை எல்லாரும் வந்து இருந்தாத்தான் கோப்பையிலை கை வைப்பினம். தனியச் சாப்பாடு குடுக்கிறது, உன்னோட எங்களுக்குக் கதையில்லை எண்டு சொல்லுற மாதிரி. குடுத்ததை மிச்சம் விடுறதும் மரியாதையில்லை. சாப்பிட்டு முடிஞ்ச உடனை எழும்பவும் மாட்டினம். அப்பிடியே இருந்து கதைப்பினம். அந்தக் கதைதான் அவைக்குப் பெரிசு, சாப்பாடு பேந்து. அவள் ஒவ்வொரு நாளும் ஆரும் வந்து கதைப்பினம் எண்டு காத்துக்கொண்டு இருந்தவள். நீங்கள் இன்னும் புட்டைப் போட்டிருக்கிறியள்."

முன்னறையில் ரீவி பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், சிரிப்பு நின்றது.

மகள் சிரிக்கவில்லை, போனில் கேட்ட மிச்சத்தையும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரீச்சரே அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவா. எங்களோடு இருந்து சாப்பிட்டுப் பார்ப்பா. சரியில்லை என்று பட்டால் பிள்ளையின் பெட்டியை அன்றைக்கே எடுத்துக்கொண்டு போவா. எங்கள் இடத்துக்குக் காத்திருக்கும் வேறொரு குடும்பத்திடம் ஏற்கெனவே கேட்டுவிட்டாவாம். இதைச் சொல்லும்போது மகளின் குரல் அடங்கிப் போயிருந்தது. ஓகஸ்டுக்கு இன்னும் நாள் கிடக்க, அவள் தன் பயணப் பையில் பாதியை அடுக்கி வைத்திருந்தவள். அழுதிருந்தால் ஒரு அதட்டுப் போட்டிருப்பேன். அழாமல் நின்றாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை நீங்களும் எங்களோட இருங்கோ, அம்மா. முதல்லையிருந்து முடியுமட்டும். ஏலுமோ?"

"கதிரையிலை இருக்கிறதென்ன மலையைப் புரட்டுற வேலையோ? இருப்பன்!" என்றேன்.

ஞாயிறு விடியவே அடுப்பு மூட்டினேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, கோழி, மீன் பொரியல், கீரை, அப்பளம். மூலைத் தெப்பனர் கடையில் நீட்டுப் பாண் ரொட்டி ஒன்றும் வாங்கிவர என் கணவரை அனுப்பினேன். பாண் இல்லாமல் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது என்று மகள் சொல்லியிருந்தாள். கதிரை போதாமல் மகள் தன் படிப்புக் கதிரையையும் இழுத்து வந்து போட்டாள்.

"நான் முன்னறையிலை இருந்து சாப்பிடுறனே. ஆக்கள் கூட, இடம் நெருக்கம்" என்று என் கணவர் மெல்ல ஆரம்பித்தார்.

"இண்டைக்கு ரீவியைப் போட்டியளோ, பல்கனியாலை கீழை போடுவன். ஷேட்டை மாத்திக்கொண்டு வந்து இருங்கோ."

ரீச்சர் வந்தா. உயரமான பெண், நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தா. மரியாதையான ஆள்தான், ஆனால் முகத்தில் ஒன்றும் பிடிக்க முடியவில்லை. ஸ்பெயின் பிள்ளை என் கன்னத்தில் கொஞ்சினாள், கண்ணைப் பார்க்கவில்லை. எல்லாரும் மேசையைச் சுற்றிக் கதிரையில் இருந்தோம். நானும் இருந்தேன்.

இருந்த உடனே ரீச்சரின் கோப்பையில் குழம்பு இல்லாதது கண்ணில் பட்டது. எழும்பிப் போட்டேன். இருந்தேன். தண்ணீர் வைக்க மறந்துவிட்டேன் என்று ஞாபகம் வந்தது. எழும்பினேன். இருந்தேன். அப்பளம் அடுப்படியில் கிடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் எழும்ப நினைக்கவில்லை, கால்தான் எழும்பியது. சமைத்தவள் பரிமாறாமல் குந்திக்கொண்டு இருந்தால் அது என்ன வீடு?

நான் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அந்தப் பிள்ளை முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள். அவளைப் பார்த்து ரீச்சரும் வைத்தா. இவர்கள் வைத்ததைப் பார்த்து, பசியோடு இருந்த என் கணவரும் பிசைந்த கையைத் தூக்கியபடி அப்படியே இருந்தார். ஒருத்தரும் சாப்பிடவில்லை. நான் கரண்டியோடு நடுவில் நிற்கிறேன்.

"மதாம், நீங்கள் இருக்கமாட்டீர்களா?" என்று ரீச்சர் பிரெஞ்சில் கேட்டா.

"இருக்கிறேன், இருக்கிறேன். நீங்கள் சாப்பிடுங்கள்" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், நின்றபடியே சொன்னேன்.

ரீச்சர் அந்தப் பிள்ளையைப் பார்த்தா. பிறகு நடையில் இருந்த அவளுடைய அறைக் கதவைப் பார்த்தா. பெட்டி அந்த அறைக்குள்தான் இருந்தது. பயணம் கைவிட்டுப் போகிறது என்று தெரிகிறது. ஒரு கதிரையில் குந்தினால் போதும் என்றும் தெரிகிறது. பருப்புச் சட்டியோ என் கையில் இருக்கிறது, ரீச்சரின் கோப்பையிலோ இன்னும் பருப்பு விழவில்லை. என்ன பிறவியோ நான்!

அப்போதுதான் மகள் அந்தப் பிள்ளையிடம் ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள். மெல்லிய குரலில், கெதியாக, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். அந்தப் பிள்ளை என்னை ஏறிட்டுப் பார்த்தாள். ரீச்சர் தண்ணீர்க் கிளாசை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிள்ளை தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். வந்து எனக்குப் பக்கத்தில், குளிர்ப்பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். நின்றபடியே ஒரு வாய் சோற்றை அள்ளி வாயில் வைத்தாள்.

"ஐயோ! பிள்ளை, என்ன இது? இருங்கோ, இருங்கோ!" என்று பதறினேன். தமிழில் சொன்னேன், பிரெஞ்சில் சொன்னேன், கையைப் பிடித்தும் இழுத்தேன். என் வீட்டுக்கு வந்த விருந்தாள், அதுவும் ஒரு பொம்பிளைப் பிள்ளை, கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்று சாப்பிடுகிறாள்! என் ஏழு தலைமுறையும் எழும்பி வந்து என்னைக் கேட்காதா? அவளோ மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். முள்ளுக்கரண்டியால் என் கதிரையைக் காட்டினாள். இரண்டு கிழமையாக நான் அவளுக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்கே பாடமாகிவிட்ட சொல்லை எனக்குச் சொன்னாள்.

"இருங்கோ."

பருப்புச் சட்டியை மேசையில் வைத்துவிட்டுத் தொப்பென்று இருந்தேன். அவளும் வந்து இருந்தாள். ரீச்சருக்குப் பருப்புப் போட நான் கொஞ்சம் அசைந்தேன். அவளும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அசைந்தாள். நான் திரும்பவும் ஒழுங்காக இருந்தேன். ரீச்சர் தானே கை நீட்டிப் பருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டா.

"இஞ்சேரும், உம்மை இருத்த ஸ்பெயினிலையிருந்து ஆள் வரவேண்டிக் கிடந்திருக்கு" என்றார் என் கணவர். சொல்லிவிட்டு, கடைசியில் அந்த உருண்டையை வாயில் போட்டார்.

வேறு வழியில்லாமல் நானும் பிசைந்தேன். ஆட்கள் வந்த பிறகு அடுப்பிலிருந்து இறக்கிய, இன்னும் சூடு ஆறாத கத்தரிக்காய்க் குழம்பு. விரல் சுட்டது. ஒரு வாய் வைத்தேன். உப்புப் பார்க்க உள்ளங்கையில் ஒரு துளி விட்டு நக்குவது வேறு. கலியாணம் கட்டின நாளிலிருந்து அந்தக் குழம்பை வைக்கிறேன், ஆனால் ஆறாமல் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. சட்டியின் அடியில் மிஞ்சியதைத்தான் என் சமையல் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அட, நான் இப்படியா சமைக்கிறேன்? இவ்வளவு காலமும் எல்லாரும் இதையா சாப்பிட்டார்கள்? எனக்கு என்னை நினைத்தே பெரிய பெருமை வந்துவிட்டது. கண்ணும் கலங்கியது. தூள் கூடிவிட்டது என்று சொல்லி மூக்கை உறிஞ்சினேன்.

சாப்பிட்டு முடிந்தது. பிள்ளை எழும்பவில்லை. இரண்டு கையையும் மேசையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை நான் சட்டியைத் தொடவில்லை, கதைத்தேன். எச்சில் கை காய இருக்கக்கூடாது என்று சொல்லி வளர்ந்தவள். அன்றைக்கு அது காய்ந்து இறுகும் வரைக்கும் இருந்து கதைத்தேன். மகள் தமிழையும் ஸ்பானிஷையும் மாறி மாறித் தந்துகொண்டிருந்தாள். ஏன் நான் நிற்கிறேன் என்று சொன்னேன். வெறுங்கோப்பை என் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று சொன்னேன். பிள்ளை சிவந்துபோனாள். பிறகு அவளும் ஒன்று சொன்னாள். தன் அம்மா எல்லாரோடும்தான் மேசையில் இருப்பாவாம். ஆனால் பாண் எடுக்க எழும்புவாவாம், உப்பு எடுக்க எழும்புவாவாம், பழம் வெட்ட எழும்புவாவாம். அவ முழுச் சாப்பாட்டையும் ஒரே இருப்பில் இருந்து சாப்பிட்டதைத் தான் கண்டதே இல்லை என்று இப்போதுதான் யோசிக்கிறாளாம். இதைச் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் மேசை விரிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

ரீச்சர் போகும்போது பெட்டியைக் கேட்கவில்லை. மிஞ்சிய குழம்பை ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன், இரண்டு கையாலும் வாங்கினா. கதவடியில் நின்று, எனக்கு விளங்கட்டும் என்று பிரெஞ்சை ஒவ்வொரு சொல்லாக வைத்துச் சொன்னா: "பிள்ளை இங்கேயே நிற்கட்டும். ஓகஸ்டில் உங்கள் மகளை நான் பத்திரமாகக் கூட்டிப்போவேன்." சொல்லிவிட்டு மகளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தா. அந்தச் சிரிப்பில் ஏதோ இருந்தது.

கோப்பை கழுவும்போது மகளைப் பிடித்தேன்.

"நீ என்னடி அவளுக்குச் சொன்னனீ?"

"எப்ப?"

"நடியாதை. அவள் எழும்பி வந்து நிக்க முந்தி."

துடைத்துக்கொண்டிருந்த கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தாள். "அம்மாவை இரு எண்டு கெஞ்சினா இருக்கமாட்டா, நீ எழும்பி நிண்டு சாப்பிடு, அம்மா தன்ரை பாட்டிலை இருப்பா எண்டு சொன்னன்."

"அடி கள்ளி! ரீச்சருக்கு முன்னாலையோ?"

"அவவுக்கு ஸ்பானிஷ் தெரியும்தானே. அவவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தவ."

"உது உனக்கு எப்பிடித் தெரியும்? நான் இருப்பன் எண்டு?"

துணியை உதறி ஆணியில் கொழுவினாள்.

"சின்னனிலை நான் சாப்பிடமாட்டன் எண்டு எழும்பி ஓடுவன், ஞாபகமோ? நான் ஓடினாத்தான் நீங்கள் கோப்பையோட நிலத்திலை இருப்பியள். என்னைப் பிடிச்சு மடியிலை வைச்சு, எனக்கு ஒரு வாய் தீத்தி, நீங்களும் ஒரு வாய் சாப்பிடுவியள். நான் ஒழுங்காச் சாப்பிட்ட நாளெல்லாம் நீங்கள் நிண்டுகொண்டுதான் நிண்டனீங்கள். அதுதான் ஓடினனான்."

சவர்க்கார நுரைக்குள் கையை வைத்தபடி நின்றேன். சரியான சாப்பாட்டுக் கள்ளி என்று ஊரெல்லாம் இவளைப் பற்றி நான் முறைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் கையாலேயே அவள் முதுகில் ஒரு அடி போட்டேன், சட்டையெல்லாம் நுரை. இவளை நான் பெற்றேன் என்று அந்தத் தெரு முழுக்கக் கேட்கச் சத்தம் போட வேண்டும் போல இருந்தது.

பின்னேரம் மச்சாள் போன் எடுத்தா. ரீச்சர் வந்து போன செய்தி எப்படியோ லவாலுக்குப் போயிருந்தது. என் கணவர்தான் சொல்லியிருப்பார்.

"என்ன, பயணம் நிண்டுபோச்சோ?"

"நிக்கேல்லை. ஓகஸ்டிலை போறாள்."

"நான் சொல்லுறதைச் சொல்லிப்போட்டன். அந்த வீட்டைத் தெரியுமோ உமக்கு? அந்தத் தாய் எப்பிடிப்பட்ட மனிசியோ, என்னெண்டு நம்பிப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுறீர்?"

"எப்பிடிப்பட்ட மனிசியோ எனக்குத் தெரியாது, மச்சாள்" என்றேன். "ஆனா என்ரை பிள்ளை அங்கை நிக்கிற வரைக்கும் அந்த மனிசி இருந்து, சூடாச் சாப்பிடும்."